கயிறா, நுகத்தடியா: இரண்டு புரதங்களை எதைக் கொண்டு இணைப்பது?

"அக்கா, நடுவுல வழக்கம்போல மூணு ஜி4எஸ் போட்டுடட்டுமா?"

கேட்டது எங்கள் ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்யும் எம்.எஸ்சி. மாணவி. திரையில் இரண்டு ஜீன்கள் அடுத்தடுத்து இருந்தன. இடப்பக்கம் ஆன்டிபாடியின் குட்டி வடிவமான ஒரு நானோபாடி, வலப்பக்கம் ஒளி உமிழும் லூசிஃபெரேஸ் நொதி. புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் கோடானை முதல் ஜீனிலிருந்து அழித்துவிட்டாள்; அந்த இடத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. ஜீன் ஆர்டர் போவதற்கு முன் நிரப்ப வேண்டியது அந்த ஒரு இடைவெளிதான்.

ஜி4எஸ் என்பது நான்கு கிளைசினும் ஒரு செரினும் சேர்ந்த ஐந்து அமினோ அமிலத் துண்டு. மூன்று முறை அடுக்கினால் பதினைந்து. இரண்டு புரதங்களை ஒட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடும் இணைப்புத் துண்டு, அதாவது லிங்கர், இது. நானும் பல வருடம் அப்படித்தான் போட்டேன். பெரும்பாலும் வேலை செய்தது. செய்யாதபோது பழியை நொதி மேல் போட்டேன், செல் மேல் போட்டேன், கரண்ட் போனால் நின்றுவிடும் ஷேக்கர் மேல்கூடப் போட்டேன். நடுவில் இருந்த பதினைந்து எழுத்தைச் சந்தேகிக்கத் தோன்றவே இல்லை.

அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கையில் இருக்கும் வழிகள் ஐந்து: லிங்கரே இல்லாமல் ஒட்டுவது, வளையும் லிங்கர், விறைப்பான லிங்கர், தேவைப்படும்போது வெட்டக்கூடிய லிங்கர், இயற்கையே ஏற்கெனவே வைத்திருக்கும் லிங்கரை அப்படியே எடுத்துக்கொள்வது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வகை என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் முன்னால் நிற்கும் கேள்வி.

ஒன்றுமே வைக்காவிட்டால்

இதற்கு இன்சுலினைவிட நல்ல சாட்சி இல்லை. இன்சுலின் நம் கணையத்தில் இரண்டு சங்கிலியாகப் பிறப்பதில்லை. புரோஇன்சுலின் என்ற ஒரே சங்கிலியாகத்தான் பிறக்கிறது. இதை 1967இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெய்னர் காட்டினார். 30 அமினோ அமிலம் கொண்ட பி சங்கிலி, 21 கொண்ட ஏ சங்கிலி, இரண்டுக்கும் நடுவே 31 கொண்ட சி-பெப்டைடு. வெட்டுமிடங்களில் இரண்டிரண்டாக நிற்கும் நான்கையும் சேர்த்தால் மொத்தம் 86. சங்கிலி சரியாக மடிந்து டைசல்பைடு பிணைப்புகள் விழும்வரை இரண்டையும் பிடித்து வைப்பது சி-பெப்டைடின் வேலை. வேலை முடிந்ததும் அதை வெட்டிவிட்டு இன்சுலினோடு சம அளவில் ரத்தத்தில் விடுகிறது செல். சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் எழுதித் தரும் சி-பெப்டைடு பரிசோதனை அளப்பது இந்தக் கழற்றிப் போட்ட லிங்கரைத்தான்.

அந்த 31ஐயும் எடுத்துவிட்டு, பி சங்கிலியின் 29ஆம் இடத்தை ஏ சங்கிலியின் முதல் இடத்தோடு நேரடியாக ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1991இல் அதன் படிக அமைப்பு வெளியானது. அச்சு அசல் இன்சுலின் வடிவம். ஆனால் செயல்பாடு துளியும் இல்லை. செல்லின் மேல் இன்சுலினைப் பிடிக்கும் ரிசெப்டரில் போய் உட்காரும்போது பி சங்கிலியின் வால்பகுதி ஏ சங்கிலியை விட்டு விலகித் திறக்க வேண்டும். நேரடியாக ஒட்டியதில் அந்தக் கதவுக்குத் தாழ் விழுந்துவிட்டது. பிறகு ஆறு அமினோ அமில லிங்கரோடு, மொத்தம் 57 நீளத்தில், ஒற்றைச் சங்கிலி இன்சுலின் ஒன்றைச் செய்தார்கள். அது நன்றாகவே வேலை செய்தது. 31 நீளத்தில் தொங்கும் புரோஇன்சுலினோ, இன்சுலினோடு ஒப்பிட்டால் ரொம்ப மந்தம். பூச்சியத்தில் ஒன்றுமில்லை, ஆறில் உண்டு, முப்பத்தொன்றில் மறுபடி சரிவு. நீளம் கூடக் கூட நல்லது என்றோ, குறையக் குறைய நல்லது என்றோ இங்கே கோடு கிழிக்க முடியாது.

இன்னொன்று: ஈஸ்டில் இன்சுலின் தயாரிக்கும்போது இந்த 31க்குப் பதிலாக அலனின், அலனின், லைசின் என்று மூன்றே எழுத்தை வைக்கும் முறை உண்டு. மடிவதற்கு அது போதும். மடிந்தபின் லைசினில் நொதியை வைத்து வெட்டிவிடலாம். மடிவதற்குத் தேவையான நீளம் வேறு, வேலை செய்வதற்குத் தேவையான நீளம் வேறு என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

லிங்கர் இல்லாமல் ஒட்டியதெல்லாம் தோற்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூட்டுவாதத்துக்குத் தரும் எட்டனர்செப்ட் 1998 முதல் சந்தையில் இருக்கிறது. அதில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைப் பிடிக்கும் ரிசெப்டரின் வெளிப்பகுதிக்கு அடுத்து ஆன்டிபாடியின் அடிப்பகுதி நேராக வருகிறது. நடுவில் செயற்கையாக எதுவும் செருகவில்லை. ஆனால் அந்த அடிப்பகுதியின் தொடக்கத்திலேயே ஆன்டிபாடியின் கீல், அதாவது ஹிஞ்ச், கூடவே வருகிறது. லிங்கர் இல்லை என்று சொன்னாலும் ஒரு லிங்கர் ஒளிந்து நிற்கிறது.

கயிறு

வளையும் லிங்கரில் ஏன் கிளைசின்? இந்தக் கேள்விக்கான விடை சென்னையில் எழுதப்பட்டது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு வரைபடம் போட்டார்கள். மற்ற அமினோ அமிலங்களுக்கு அந்தப் படத்தில் சில தீவுகள்தான் அனுமதி. பக்கக்கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் உள்ள கிளைசினுக்குப் படத்தின் பெரும்பகுதி திறந்து கிடக்கிறது. புரோலினுக்கு நேர்மாறு: அதன் வளையம் ஒரு கோணத்தையே பூட்டிவிடுகிறது. நடுநடுவே செரின் வருவது தண்ணீரோடு ஒட்டி நிற்க. வெறும் கிளைசின் தொடர் அவ்வளவாகக் கரையாது.

முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குத்தான் மேயும். வளையும் லிங்கரின் வேலை இது. கயிறு நீண்டால் மேய்ச்சல் பரப்பு கூடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட புல்லின் மேல் மாட்டின் வாய் விழும் வாய்ப்பு குறையும். இது வெறும் உவமை இல்லை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2016இல் ஹார்வர்டில் டேவிட் லியூ குழு வெளியிட்ட பேஸ் எடிட்டரில், டிஎன்ஏவில் சி எழுத்தை மாற்றும் நொதியை, டிஎன்ஏவில் குறித்த இடத்தைத் தேடிப் பிடிக்கும் கேஸ்9 புரதத்தோடு லிங்கர் வைத்துக் கட்டினார்கள். லிங்கர் 3 அமினோ அமிலமாக இருந்தபோது நொதி மேய்ந்தது சுமார் மூன்று எழுத்து. 21 ஆக்கியபோது சுமார் ஆறு எழுத்து. கடைசியில் 16 நீளமுள்ள எக்ஸ்டென் என்ற லிங்கரை எடுத்துக்கொண்டார்கள்.

பதினைந்து என்ற எண் எங்கிருந்து வந்தது? 1988இல் ஆன்டிபாடியின் இரண்டு நுனிப்பகுதிகளை, விஎச், விஎல் என்பவற்றை, ஒரே சங்கிலியாக ஒட்டினார்கள். எஸ்சிஎஃப்வி என்று இன்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒன்றின் முடிவிலிருந்து மற்றதன் தொடக்கம் வரை சுமார் 3.5 நானோமீட்டர் தூரம். ஒரு அமினோ அமிலம் முழுக்க நீட்டினால் 0.38 நானோமீட்டர். பத்து போட்டால் 3.8: நேர்க்கோட்டில் எட்டும், ஆனால் நடுவில் புரதம் உட்கார்ந்திருக்கிறது, சுற்றிப் போகக் கயிறு மிச்சமில்லை. பதினைந்து போட்டால் 5.7: தாராளம். அந்தப் பதினைந்து அந்த ஒரு வேலைக்குப் போட்ட கணக்கு. அதைத் தூக்கிக்கொண்டுபோய் எல்லா இடத்திலும் வைப்பது, ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை ஊர் முழுக்க மாட்டுவது மாதிரி.

கயிறு போதாமல் போனால் என்ன ஆகும் என்பதும் சுவாரசியம். லிங்கர் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கினால் ஒரு மூலக்கூறின் விஎச் தன் சொந்த விஎல்லை எட்ட முடியாமல் பக்கத்து மூலக்கூறின் விஎல்லோடு ஜோடி சேர்ந்துவிடுகிறது. 1993இல் கிரெக் வின்டர் குழு இதைத் தெரிந்தே பயன்படுத்தி டயபாடி என்று பெயர் வைத்தது. மூன்றுக்கும் கீழே போனால் மூன்று மூன்றாகக் கூடும். அமினோ அமில வரிசையில் லிங்கரைத் தவிர எதுவும் மாறவில்லை, பாருங்கள்.

மருந்துக் கடையிலும் இந்தக் கயிறு கிடைக்கிறது. வாரம் ஒருமுறை போடும் சர்க்கரை நோய் ஊசி துலாகுளுடைடில் ஜிஎல்பி-1 பெப்டைடுக்கும் ஆன்டிபாடி அடிப்பகுதிக்கும் நடுவே மூன்று ஜி4எஸ்ஸும் கடைசியில் ஒரு அலனினும் இருக்கின்றன. 2014இல் அமெரிக்க அனுமதி பெற்ற மருந்து அது.

இனிக் கயிற்றின் தொல்லைகள். முதல் தொல்லை என் கையால் நடந்தது. நான்கு ஜி4எஸ் வேண்டும் என்று ஒரே கோடான் (ஒரு அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று டிஎன்ஏ எழுத்து) வரிசையை நான்கு தடவை அப்படியே நகலெடுத்து ஒட்டி ஆர்டர் செய்தேன். பிசிஆர் செய்ததும் ஜெல்லில் ஒரு பேண்ட் வர வேண்டிய இடத்தில் ஏணிப்படி மாதிரி மூன்று மங்கலான பேண்டுகள். சீக்வென்சிங் பார்த்தால் ஒரு காலனியில் மூன்று ஜி4எஸ், இன்னொன்றில் இரண்டு. ஒரே மாதிரித் துண்டுகள் தங்களுக்குள்ளேயே ஒட்டி வழுக்கிவிட்டன. கிளைசினுக்கு நான்கு கோடான், செரினுக்கு ஆறு இருக்கின்றன. மாற்றி மாற்றிப் போட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தொல்லை, சிஎச்ஓ (சீன வெள்ளெலிக் கருப்பை) செல்களில் மருந்துப் புரதம் தயாரிப்பவர்களுக்கு. கிளைசின்-செரின் லிங்கரின் செரின் மேல் செல் சைலோஸ் என்ற சர்க்கரையைக் கொண்டுபோய் ஒட்டிவிடுவது உண்டு. தயாரிப்பு ஒரே சீராக இருக்க வேண்டிய இடத்தில் இது தலைவலி. மூன்றாவது, புரதத்தை வெட்டும் நொதிகளான புரோட்டியேஸ்கள். மடிப்பில்லாமல் தொங்கும் எதையும் அவை கடித்துப் பார்க்கும். 1993இல் விட்லோ குழு செய்த 18 நீள லிங்கர் இதற்கான விடை. முந்தைய லிங்கரை நொதி கடித்த இடத்தில் லைசினுக்கு அடுத்து ஒரு புரோலினை நிறுத்தினார்கள். நோயாளியின் டி செல்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றைத் தாக்க விடும் கார்-டி சிகிச்சைகளில் அக்சிகேப்டஜின் இந்த லிங்கரையும் டிசாஜென்லெக்லூசெல் மூன்று ஜி4எஸ்ஸையும் வைத்திருக்கின்றன. இரண்டிலும் புற்றுசெல்லின் மேல் உள்ள சிடி19 புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடித் துண்டு ஒன்றேதான்.

நுகத்தடி

இரண்டு மாடுகளும் முட்டிக்கொள்ளக் கூடாது, ஆனால் சேர்ந்தே நடக்க வேண்டும் என்றால் கயிறு உதவாது, நுகத்தடி வேண்டும். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் ஈஏஏஏகே: குளுட்டாமேட், மூன்று அலனின், லைசின். ஆல்ஃபா சுருளில் முதலாவதும் ஐந்தாவதும் ஒரே பக்கமாக வந்து, எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. 2001இல் ஜப்பானியக் குழு ஒன்று நீல ஒளிர் புரதத்தையும் பச்சை ஒளிர் புரதத்தையும் இதன் இரு முனைகளில் கட்டி, அடுக்குகளைக் கூட்டக் கூட்ட இரண்டுக்கும் நடுவே ஆற்றல் பரிமாற்றம் குறைவதைக் காட்டியது. தூரம் கூடியதற்கு நேரடிச் சாட்சி.

ஒரு கணக்கு. ஆல்ஃபா சுருளில் ஒரு அமினோ அமிலம் 0.15 நானோமீட்டர் உயரும். நான்கு ஈஏஏஏகே, இருபது எழுத்து, 3 நானோமீட்டர். நான்கு ஜி4எஸ்ஸும் இருபது எழுத்துதான்; முழுக்க இழுத்தால் 7.6. ஆனால் கயிறு எப்போதும் விறைத்து நிற்பதில்லை. சுருண்டு கிடக்கும்போது இரு முனைக்கும் சராசரி இடைவெளி ஏறக்குறைய 2.5 நானோமீட்டர். ஆக சராசரித் தூரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! நுகத்தடி வாங்கித் தருவது தூரத்தை அல்ல, அந்தத் தூரம் ஆடாமல் இருப்பதை. மாணவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். பேப்பரில் போட்டுப் பார்த்த பிறகுதான் தலையாட்டுகிறார்கள்.

நுகத்தடியில் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு. சுருளில் ஒவ்வொரு எழுத்தும் 100 டிகிரி திருப்பும். ஒரு ஈஏஏஏகே கூட்டினால் 500 டிகிரி, அதாவது ஒரு முழுச் சுற்றும் மேற்கொண்டு 140 டிகிரியும். நீளத்தை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைப்போம். இரண்டாவது புரதம் முகத்தையே வேறு பக்கம் திருப்பியிருக்கும். அதன் செயல்மையம் இப்போது முதல் புரதத்தைப் பார்த்து நிற்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பது தெரியாமல் "நான்கு அடுக்கு நல்லது, மூன்று கெட்டது" என்று முடிவெழுதினால் தப்பு.

சுருள் என்று வரைந்ததெல்லாம் சுருளாகவே நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கால்மோடுலினைக் கேளுங்கள். 1985இல் வந்த படிக அமைப்பில் இரண்டு குண்டுகளுக்கு நடுவே நீண்ட கம்பி மாதிரி ஒரே சுருள் இருந்தது. 1992இல் என்எம்ஆரில் கரைசலில் வைத்துப் பார்த்தபோது அந்தக் கம்பியின் நடுப்பகுதி நெகிழ்ந்து கிடந்தது. அது நெகிழ்வதால்தான் இரண்டு குண்டுகளும் மடங்கி வந்து இலக்குப் பெப்டைடை இரு கையாலும் அணைக்க முடிகிறது.

பதினைந்து எழுத்து வித்தியாசம்

நீளமே முதல் கேள்வி என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் சிடி22 கதை. ரத்தப் புற்று செல்லின் சிடி22ஐக் குறிவைக்கும் கார்-டி செல்கள். பிடிக்கும் துண்டு ஒன்றேதான், உள்ளே செல்லும் சமிக்ஞைப் பகுதியும் ஒன்றேதான். ஒன்றில் விஎச்சுக்கும் விஎல்லுக்கும் நடுவே 20 அமினோ அமிலம், மற்றதில் 5. நீள வடிவம் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. குட்டை வடிவம் மேலாக வேலை செய்தது. 2021இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு இதற்கான காரணத்தோடு வெளியிட்டது.

காரணம் மேலே பார்த்த டயபாடிதான். ஐந்து எழுத்துக் கயிறு எட்டாது. ஆகவே செல்லின் மேல்தோலில் பக்கத்துப் பக்கத்து ரிசெப்டர்கள் கைகோத்துக் கூட்டமாகின்றன. புற்றுசெல்லைப் பார்க்காதபோதே உள்ளே ஒரு மெல்லிய சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் 4-1பிபி என்ற துணைப்பகுதி இருந்ததால் அந்தச் சமிக்ஞை செல்லைத் தயார் நிலையில் வைத்தது. அதற்காகக் குட்டையே சிறந்தது என்று ஓடிவிடாதீர்கள். சிடி28 துணைப்பகுதி உள்ள வேறொரு கார்-டியில், இப்படிக் கூடி நின்று ஓயாமல் சமிக்ஞை அனுப்பியதால் டி செல்கள் களைத்துச் செயலிழந்ததை 2015லேயே காட்டியிருந்தார்கள். எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டால், இரண்டு நீளத்தையும் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

வெட்டுவதும், இருப்பதை விடுவதும்

வெட்டக்கூடிய லிங்கர் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒட்டிய இரண்டில் ஒன்று, பெரும்பாலும் சுத்திகரிப்புக்கான டேக், பிறகு வேண்டாம் என்றால் மட்டும் இது. த்ராம்பின் மலிவு, ஆனால் புரதத்தின் உள்ளேயும் அதற்குப் பிடித்த இடம் கிடைத்தால் கடிக்கும், எனக்குக் கடித்தது. டெவ் புரோட்டியேஸ் ஏழு எழுத்தை வாசித்துத்தான் வெட்டும், ஒரே ஒரு எழுத்தைத்தான் மிச்சம் வைக்கும். குளிரறையில் 4 டிகிரியில் ராத்திரி முழுக்க வைக்க வேண்டிய நுணுக்கமான புரதம் என்றால் 3சி புரோட்டியேஸ். எதுவானாலும் வெட்டுமிடத்துக்கு இரு பக்கமும் இரண்டு மூன்று கிளைசின், செரின் விடுங்கள். இரண்டு புரதங்களின் இடுக்கில் சிக்கிய வெட்டுமிடத்தை எந்த நொதியாலும் எட்ட முடியாது.

இயற்கை லிங்கரை நான் கடைசியில் சொன்னாலும் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பல டொமைன் (தனியாக மடியும் பகுதி) உள்ள புரதங்களை அலசி ஜார்ஜும் ஹெரிங்காவும் 2002இல் கணக்கெடுத்தார்கள்: குட்டை ரகம் சராசரி 4.5, நடுத்தரம் 9.1, நீளம் 21. நம் ஆன்டிபாடிகளின் கீலும் இப்படித்தான் ஏறி இறங்குகிறது: ஐஜிஜி1இல் 15, ஐஜிஜி2இல் 12, ஐஜிஜி3இல் 62, ஐஜிஜி4இல் 12. அதில் ஐஜிஜி4 கீலில் 228ஆம் செரினைப் புரோலினாக மாற்றினால், அரை ஆன்டிபாடிகள் கழன்று ஜோடி மாறுவது நின்றுவிடுகிறது. ஒரே எழுத்து.

இந்தப் பகுதிகளைச் சும்மா தொங்கும் நூல் என்று நினைத்து வெட்டிவிட்டு ஜி4எஸ் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சார்க் கைனேஸ் என்ற நொதியில் எஸ்எச்2 டொமைனுக்கும் கைனேஸ் டொமைனுக்கும் நடுவே உள்ள லிங்கர், எஸ்எச்3 டொமைனின் பள்ளத்தில் போய்ப் படுத்து நொதியை வேலை செய்யாமல் நிறுத்தி வைக்கிறது. அதை ஜி4எஸ் ஆக்கினால் இணைப்பு இருக்கும், பூட்டு போய்விடும். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் மென்பொருள் தரும் படத்தில் ஆரஞ்சு நிறத்தில் நூடுல்ஸ் மாதிரித் தெரியும் பகுதிகளை அறுத்தெறியும் முன் அவை எதோடாவது ஒட்டுகின்றனவா என்று பழைய பேப்பர்களைத் தேடிப் பாருங்கள்.

இப்போது மாணவியின் கர்சருக்கு வருவோம். நானோபாடியில் ஆன்டிஜெனைப் பிடிக்கும் முகம் என்-முனை (சங்கிலியின் தொடக்கம்) பக்கம், சி-முனை (முடிவு) எதிர்ப்பக்கம். அவள் லூசிஃபெரேஸைச் சி-முனையில்தான் வைத்திருந்தாள். பாதி முடிவு அங்கேயே சரியாகிவிட்டது. இரண்டும் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை, முட்டாமல் இருந்தால் போதும். அதனால் நுகத்தடி அவசியமில்லை, வெட்டவும் தேவையில்லை. "கயிறுதான், ஆனா மூணு நீளம்," என்றேன். "5, 10, 20. கோடானை மாத்தி மாத்திப் போடு. நாலாவதா ஒரே ஒரு விறைப்பு லிங்கர், ஈஏஏஏகே நாலு அடுக்கு, ஒப்பிட்டுப் பாக்க."

"நாலு ஜீனுக்குக் காசு, அக்கா?"

நாலு ஜீன் வேண்டாம், லிங்கர் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வெட்டுமிடம் வைத்து ஒரே ஜீன் வாங்கினால் போதும், லிங்கர்களைக் குட்டி டிஎன்ஏ துண்டுகளாக, அதாவது ஆலிகோக்களாக, தனியாக வாங்கி உள்ளே செருகிக்கொள்ளலாம் என்றேன். அன்று சாயங்காலமே ஃப்ரீசர் பெட்டியில் நான்கு காலிக் குழாய்களுக்கு மார்க்கரில் எண் எழுதி வைத்துவிட்டாள்: 5, 10, 20, விறைப்பு 20.